பின்சக்கரத்து ஸ்பிரிங்

அந்தப் பந்தயக் கார் எங்கள் வீட்டுக்குப் பால்கோவா அட்டைப்பெட்டியில் வந்தது. என் மனைவியின் தம்பி அதை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்து, இராஜபாளையத்தில் இறங்கி, காலை இழுத்து இழுத்து எங்கள் தெரு வரைக்கும் நடந்திருந்தான். இனிப்பு என்று நினைத்து என் மனைவி ஆசையாகப் பிரித்தாள். உள்ளே முள் முள்ளாக நாலு ரப்பர் டயர், மேலே ஒரு பிளாஸ்டிக் கூடு, பக்கத்தில் ஏரியல் வைத்த ரிமோட்.

"இதென்னடா கருமம்" என்றாள்.

"ரேடியோவுல ஓடுற காரு, அக்கா. கீழ பாரு, நெசக் காருக்கு இருக்க மாதிரியே நாலு சக்கரத்துக்கும் ஷாக் அப்சார்பர் இருக்கு." பிறகு என் பக்கம் திரும்பினான். "அத்தான், நேர் ரோட்டுல நல்லா ஓடுது. மேடு பள்ளம் வந்தா தவ்வித் தவ்விக் கவுந்துருது. இத நீங்கதான் பாக்கணும்."

ஷாக் அப்சார்பர் என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்குள் ஏதாவது ஆகியிருக்க வேண்டும். ஒன்றும் ஆகவில்லை. அப்போதெல்லாம் எனக்கு எதுவும் ஆவதில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, தொட்டால் தொட்டது தெரியும், ஆனால் அது நம் கன்னம் மாதிரி இருக்காது. இரண்டு வருஷமாக நான் அப்படித்தான் இருந்தேன். "வச்சுட்டுப் போ, பாக்கேன்" என்றேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நான் ஒரு நூற்பாலையில் மெயின்டெனன்ஸ் பிட்டர். அவன் ரேடியோ, டி.வி. ரிப்பேர் பழகி, ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைத்தெருவில் ஒரு பாயின் பேன்ஸி ஸ்டோர் முகப்பில் மேசை போட்டிருந்தான். பாயின் மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கார். அந்த வீட்டில் யாருக்கும் ஓட்ட வரவில்லை. நாலு தடவை சுவரில் முட்டியதோடு பரணுக்குப் போய்விட்டது. "ஒன் கையிலயாவது ஓடட்டும் தம்பி" என்று பாய் இவனிடம் கொடுத்துவிட்டார். கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆண்டு விழாவுக்கு இந்த மாதிரிக் கார்களுக்குப் பந்தயம் வைக்கிறார்கள், வெளியாட்களும் வரலாம் என்ற சேதியையும் பாய்தான் கொண்டுவந்தார். அதைக் கேட்டதிலிருந்து இவனுக்கு வேறு பேச்சில்லை.

"நின்ன எடத்துல நின்னுக்கிட்டே ஓடலாம்ல அத்தான்" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

அவன் ஏன் நின்ற இடத்தில் நின்று ஓட வேண்டியிருந்தது என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. சொல்ல எனக்கு இப்போதும் பிடிக்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ராணுவத்துக்கு ஆள் எடுத்ததில் அவன் தேறியிருந்தான். அன்றைக்கு ஓடியவர்களில் இவன்தான் முன்னால் வந்தான் என்று மற்றவர்கள் சொன்னார்கள், இவன் சொல்லிக்கொள்ளவில்லை. அக்காவிடம் நல்ல சேதி சொல்ல வந்தவனுக்குத் தாலுகா ஆபீசில் ஏதோ சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது. "வா, நானே கொண்டுவிடுதேன்" என்று என் பைக்கில் ஏற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிளம்பினேன்.

என் பைக்கின் பின் ஸ்பிரிங்குகளில் ரப்பர் சொருகியிருந்தது. மில்லில் நூல் இழுக்கும் உருளைகளுக்கு மேலே ரப்பர் உறை ஒன்று இருக்கும், காட் என்போம். தேய்ந்ததை உருவிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டுவோம். பழசை நீளவாக்கில் வெட்டி பைக் ஸ்பிரிங்கின் சுருள்களுக்கு நடுவில் திணித்தால் ஸ்பிரிங் அமுங்காது. பின்னால் ஒரு மூடை பருத்திக்கொட்டை ஏற்றினாலும் வண்டி உட்காராது. எங்கள் மெயின்டெனன்ஸில் பாதிப் பேர் பைக்கில் இந்த வித்தை இருந்தது. மூடையை இறக்கியதும் ரப்பரை எடுத்துவிட வேண்டும். எவன் எடுக்கிறான்? முந்தின நாள்தான் மாட்டுக்குப் பருத்திக்கொட்டை கொண்டுவந்திருந்தேன். மறுபடியும் ஒரு மூடை எடுக்க வேண்டியிருந்தது. திரும்பத் திரும்பச் சொருக யாருக்குப் பொறுமை என்று விட்டுவிட்டேன்.

வழியில் ஒரு பாலத்துக்கு முன்னால் தார் உள்வாங்கிக் கிடந்தது. வேகமாகத்தான் போனேன். பின்சக்கரம் அந்தப் பள்ளத்தில் இறங்கி ஏறியபோது வண்டி கழுதை மாதிரிப் பின்னால் உதைத்தது. நான் ஹேண்டில்பாரைப் பிடித்திருந்ததால் தப்பித்தேன். திரும்பிப் பார்த்தால் பின்னால் ஆளைக் காணோம். பாலத்துக் கட்டைச்சுவரில் முழங்கால் அடிபட்டு அவன் கீழே கிடந்தான்.

ஆஸ்பத்திரியில் என் மனைவி வந்து "எப்படிங்க ஆச்சு?" என்று கேட்டபோது, "நாய் குறுக்க வந்துருச்சு" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, தானாக வந்தது. இராஜபாளையத்துக்காரன் நாயைச் சொன்னால் யாரும் மறுத்துக் கேட்கமாட்டார்கள். என் மனைவி இன்றுவரை அந்த நாயைத் திட்டுகிறாள். அவனும் அதையே நம்பினான். பின்னால் உட்கார்ந்திருந்தவனுக்கு என் முதுகைத் தவிர வேறென்ன தெரிந்திருக்கும்?

மறுநாள் காலையில், பாலத்துப் பக்கம் ஒரு டீக்கடை ஓரம் விட்டிருந்த பைக்கை எடுக்கத் தனியாகப் போனேன். ஸ்க்ரூடிரைவரால் ரப்பரைக் கிண்டி எடுத்து, நாலு துண்டையும் ஓடைக்குள் எறிந்தேன். பிறகு பிளாஸ்க்கில் காப்பி வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவன் மாவுக்கட்டோடு படுத்துக்கொண்டு, "அத்தான், ஒங்களுக்கு அடி ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டான். எனக்கு மரத்துப்போனது அந்த நேரத்தில்தான் என்று நினைக்கிறேன்.

ராணுவத்திலிருந்து கடிதம் வந்தபோது கட்டுப் பிரிக்கவில்லை. பிரித்த பிறகு முழங்கால் மடங்கவில்லை. நான் பைக்கை விற்றுவிட்டுச் சைக்கிளுக்கு மாறினேன். தம்பி மேல் உள்ள பாசத்தில் விற்றேன் என்று என் மனைவி ஊரெல்லாம் சொன்னாள். அவனுக்குத் தெரிந்துவிடக் கூடாது, தெரிந்தால் அவளுக்குத் தெரியும், அவளுக்குத் தெரிந்தால் என்னோடு இருக்கமாட்டாள். இந்த ஒரு கணக்குத்தான் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவனோ வேறு ஆளே கிடைக்காத மாதிரி, நாலு ஸ்பிரிங்கைக் கொண்டுவந்து என் மடியில் வைக்கிறான்.

முதல் ஷிப்ட் முடிந்து இரண்டரை மணிக்கு வீட்டுக்கு வந்தால் சாப்பிட்டுவிட்டு அந்தக் காரோடு உட்கார்ந்துவிடுவேன். ஒவ்வொரு ஷாக் அப்சார்பரும் சுண்டுவிரல் பருமன்தான். ஒரு குழாய், அதற்குள் எண்ணெய், எண்ணெய்க்குள் ஓட்டை போட்ட ஒரு சின்ன வில்லை, வெளியே ஸ்பிரிங். சக்கரம் மேட்டில் ஏறினால் ஸ்பிரிங் அமுங்கும். அமுங்கினது சட்டென்று விரியாமல் எண்ணெய் பிடித்துக்கொள்ளும். பிடிமானம் இல்லாவிட்டால் விரிகிற வேகத்தில் கார் குதிக்கும். சிங்கப்பூர் எண்ணெய் எப்போதோ ஒழுகித் தீர்ந்திருந்தது.

மில்லில் இருக்கிற எண்ணெயைத்தானே மில்காரன் ஊற்றுவான்? ஸ்பிண்டில் ஆயில் ஊற்றினேன். ஒரு வாரத்தில் உள்ளே இருந்த ரப்பர் வளையங்கள் ஊறிப் பெருத்து, நாலு ஷாக்கும் இறுகிப்போயின. வளையத்துக்குப் பதிலாகச் சைக்கிள் வால்டியூபை வெட்டி மாட்டினேன். எண்ணெய்க்கு அடுப்படியில் இருந்த விளக்கெண்ணெயை எடுத்தேன். அது கெட்டியாக இருந்ததால் தேங்காயெண்ணெய் கலந்தேன். அருமையாக இருந்தது. மறுநாள் காலையில் பார்த்தால் மார்கழிக் குளிரில் தேங்காயெண்ணெய் உறைந்து, கார் கட்டை மாதிரி நின்றது.

"எந்தலைக்குத் தேய்க்க ஒரு சொட்டு இல்ல. ஒங்க காருக்கு மட்டும் எண்ணெய்க் குளியலா?" என்றாள் என் மனைவி.

"ஒனக்கு நாளைக்கு வாங்கித் தாரேன், செத்த சும்மா இரு."

"பேசாம அதுக்குப் பூவும் வச்சு விடுங்க."

அவள் சந்தோஷமாக இருந்தாள் என்பதை இப்போது எழுதும்போதுதான் கவனிக்கிறேன். தம்பி வாராவாரம் வருகிறான், புருஷனும் அவனும் ஒன்றாக உட்கார்ந்து ஏதோ செய்கிறார்கள். அவளுக்கு வேறென்ன வேண்டும்? பண்டிகை வந்த மாதிரி அவனுக்குக் குழம்பு, பொரியல் என்று செய்து போட்டாள்.

கடைசியில் விளக்கெண்ணெயை மட்டும் ஊற்றி, வில்லையின் ஓட்டையை ஊசி கொண்டு கொஞ்சம் பெரிதாக்கினேன். எண்ணெய் ஊற்றினதும் மூடியை உடனே போடக் கூடாது. கம்பியை மெதுவாக மேலும் கீழும் அசைக்க வேண்டும், குமிழிகள் ஒவ்வொன்றாக மேலே வரும். ஒரு குமிழி உள்ளே தங்கினாலும் பிடிமானம் போய்விடும். அவசரக்காரன் நான், மூக்கு மேல் கோபம் வேறு. இருந்தாலும் அந்தக் குமிழிகளைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார முடிந்தது. அப்போது மனதில் எதுவும் இருக்காது. அதற்காகவே ஒழுங்காக இருந்த ஷாக்கையும் இரண்டு தடவை கழற்றி மாட்டியிருக்கிறேன்.

எங்கள் இருவருக்கும் சண்டை வந்ததெல்லாம் இறுக்கத்தைப் பற்றித்தான். மில்லில் எது ஆடினாலும் இறுக்குவோம். ஆடினால் நூல் அறுந்துவிடும். அதே புத்தியில் முன் ஸ்பிரிங்குகளை இறுக்கினேன். அதற்கென்று பிளாஸ்டிக் கிளிப் இருக்கும். ஸ்பிரிங்குக்கு மேலே ஒவ்வொன்றாக மாட்ட மாட்ட ஸ்பிரிங் விறைத்துக்கொள்ளும். கார் இன்னும் மோசமாகத் தவ்வியது.

"இறுக்க இறுக்கத் தவ்வுது. லேசா விட்டுப் பாப்பமே, அத்தான்."

"லேசா விட்டா ஆடும்ல."

"ஆடட்டுமே. சக்கரம்தான ஆடுது? மேல இருக்கது அலுங்காமப் போனாப் போதும்ல?"

அவன் சொன்னதுதான் சரி. முன்பக்கம் தளர்த்தியதும் சக்கரங்கள் மேட்டிலும் பள்ளத்திலும் தனியாக ஏறி இறங்கின, கூடு அசங்காமல் போனது. அவனுக்கு அப்படியொரு சந்தோஷம். நான் சிரித்தேன். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்ததால் சிரித்தேன்.

அந்த வருஷம் மழை சரியாக இல்லாததால் ஊருக்கு வெளியே கண்மாய் காய்ந்து கிடந்தது. வண்டித்தடமும் மாட்டுக் குளம்பும் பதிந்த கரம்பைத் தரை. மாசி பிறந்ததும் அங்கேதான் ஓட்டிப் பார்த்தோம். பந்தயத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவனுக்கு ஒரு குறை தெரிந்தது. வேகம் கொடுத்தால் காரின் பின்பக்கம் உட்கார்ந்துகொள்கிறது, அதனால் திருப்பத்தில் முன்சக்கரம் பிடிப்பதில்லை.

"பின் ஸ்பிரிங்க மட்டும் நல்லா இறுக்கிருவோம், அத்தான்."

"வேண்டாம்."

"ஏன்? முன்னாடி வேற, பின்னாடி வேற..."

"வேண்டாம்னா விடேன்ல" என்று கத்தினேன். "பின்னாடி இறுக்குனா தூக்கி எறிஞ்சிரும். மூடை ஏத்துற வண்டிக்குத்தான் அதெல்லாம். வெறும் வண்டியில எடையே இல்லாம ஸ்பிரிங்கு இறுகிக் கெடந்தா, பள்ளத்துல விழுந்த அடி அம்புட்டும் மேல வந்துரும். பின்னாடி இருக்கது எதுவும் நிக்காது."

சொல்லிவிட்டு வாயை மூடினேன். என்றைக்கும் அவனிடம் நான் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். சந்தேகம் இல்லை அது, ஆச்சரியம். "எறியுதான்னு பாப்போம்" என்று கீழே உட்கார்ந்து, விறைத்த காலை நீட்டிக்கொண்டு, கையில் இருந்த கிளிப் அத்தனையும் பின் ஸ்பிரிங் இரண்டிலும் மாட்டினான். நான் தடுக்கவில்லை. தடுத்தால் இன்னும் தெரிந்துவிடும் என்று நின்றேன்.

வண்டித்தடத்தின் குறுக்கே வேகமாக விட்டான். முன்சக்கரங்கள் நல்லபடியாகக் கடந்தன. பின்சக்கரங்கள் தடத்தில் இறங்கி ஏறியதும் காரின் பின்பக்கம் மேலே எழும்பி, மூக்குக் குத்திக் குப்புறக் கவிழ்ந்தது. காலை இழுத்துக்கொண்டு போய் நிமிர்த்திவிட்டு வந்து மறுபடி விட்டான். அதே மாதிரி. மூன்றாவது தடவை கவிழ்ந்ததும் அவன் நிமிர்த்தப் போகவில்லை. சக்கரங்கள் மேலே சுற்றிக்கொண்டிருந்தன. ரிமோட்டை அணைக்காமலே நின்றான்.

"அத்தான், அந்த நாய் என்ன நெறம்?"

செவலை என்று சொல்லியிருக்கலாம். வெள்ளை என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டு வருஷத்தில் அந்த நாய்க்கு நிறம் வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, யாரும் கேட்டதும் இல்லை.

"நாய் வரல, மாப்ள" என்றேன்.

"ம்."

"ஸ்பிரிங்குக்கு நடுவுல ரப்பர் வச்சிருந்தேன். முந்துன நாள் பருத்திக்கொட்டைக்காக வச்சது. எடுக்காம விட்டுட்டேன். மறுநாள் போயி எடுத்து எறிஞ்சுட்டேன்."

அவன் என் பக்கம் திரும்பவில்லை. "எறிஞ்சுட்டுத்தான் காப்பி வாங்கிட்டு வந்தீகளா?" என்று கேட்டான்.

"ஆமா."

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் கரையில் போய் உட்கார்ந்தான். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். சொன்னால் நெஞ்சு லேசாகும் என்பார்கள். எனக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. வெயில் அடித்தது, தாகமாக இருந்தது, அவ்வளவுதான் தெரிந்தது.

கரையில் இருந்தபடியே, "அக்காவுக்குத் தெரியுமா?" என்றான்.

"தெரியாது."

"சொல்லிராதீக. தெரிஞ்சா ஒங்கள விட்டுட்டு வந்துருவா. வந்தா நான் வச்சுச் சோறு போடுவேன், அது பெருசில்ல. தெனமும் அவ மொகத்தத்தான் என்னால பாக்க முடியாது. அவளாவது நல்லா இருக்கட்டும்."

எழுந்து போய்க் காரை நிமிர்த்தினான். கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான். கடைசி ஒன்றை விரலில் பிடித்துக்கொண்டு, "ஒண்ணு இருக்கட்டுமா?" என்று கேட்டான்.

"ஒண்ணு போதும்" என்றேன்.

பந்தயத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை. நானாகப் போனேன். கல்லூரி மைதானத்தில் மண்ணைக் குவித்து மேடுகள் போட்டிருந்தார்கள். இவன் பாயோடு ஒரு பக்கம் நின்றான், நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். மற்றக் கார்கள் ஒவ்வொரு மேட்டிலும் எகிறிக் கவிழ, மாணவர்கள் ஓடி ஓடி நிமிர்த்திக்கொண்டிருந்தார்கள். இவன் கார் தரையை விடவே இல்லை. இரண்டாவதாக வந்தது. ஒரு மாணவன் காரைத் தூக்கிக் கீழே பார்த்து, ஸ்பிரிங் வேலை யார் செய்தது என்று கேட்டான். இவன் கூட்டத்துக்குள் தேடி என்னைக் கை காட்டினான்.

"எங்க அத்தான். மில்லு பிட்டரு."

நான் இருப்பது அவனுக்குத் தெரியும் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மாணவன் என்னிடம் வருவதற்குள் அவன் பாயோடு பஸ் ஏறப் போய்விட்டான்.

அதற்குப் பிறகும் அவன் எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டுதான் இருந்தான். நான் வேலைக்குப் போயிருக்கும்போது மட்டும் வந்தான். "இப்பத்தான் போனான், நீங்க ஒரு பத்து நிமிஷம் முந்தி வந்திருக்கக் கூடாதா?" என்பாள் என் மனைவி. அவளுக்கு அது தற்செயல். பக்கத்து வீட்டுப் போனில் கூப்பிட்டால்கூட முதலில் "அத்தானுக்கு இந்த வாரம் எந்த ஷிப்டு?" என்றுதான் கேட்கிறானாம், அவ்வளவு அக்கறையாம்.

அடுத்த தையில் பிறந்த வீட்டுச் சீராகப் பொங்கல்படி கொண்டுவந்தான். உடன்பிறந்தவளுக்குத் தம்பி படி கொடுக்க வருவதற்கு ஷிப்ட் பார்க்க முடியாது. நாள் பார்த்துத்தான் வர வேண்டும். எனக்கு அன்றைக்கு வார விடுமுறை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தோளில் கரும்புக் கட்டு, கையில் புதுப் பானையும் பச்சரிசியும் வைத்த பை. தெருமுனையில் வந்தவன், வாசலில் என் சைக்கிள் நிற்பதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றான். கரும்பை இறக்கிச் சுவரில் சாய்த்தான். காலை மாற்றி மாற்றி ஊன்றினான். கால் மணி நேரம் ஆகியும் வரவில்லை. உள்ளே என் மனைவி அவனுக்காகப் பருப்பு வேக வைத்துக்கொண்டு, "இன்னும் காணமே இவன" என்று தனக்குள்ளே பேசிக்கொண்டிருந்தாள்.

நான் சட்டையை மாட்டினேன். "ஒரு வேலையா வெளிய போயிட்டு வாரேன்" என்று அடுப்படியைப் பார்த்துச் சொல்லிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு அவன் நின்றதற்கு எதிர்ப்பக்கமாகப் போனேன். திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு டீக்கடையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவமானமாக இருந்தது. நெஞ்சுக்குள் வலித்தது. அவ்வளவு நாளைக்குப் பிறகு ஏதோ ஒன்று வலித்ததே என்றும் இருந்தது.

திரும்பி வந்தபோது கரும்பு சுவரோரம் நின்றது. என் மனைவி முகமெல்லாம் சிரிப்பாக எச்சில் இலையை எடுத்துப் போட்டுவிட்டு வந்தாள்.

"தம்பி ரெண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டான். நீங்க இருந்திருக்கலாம்ல? வாசல்லயே நின்னு, அத்தான் இல்லையான்னு ரெண்டு மட்டம் கேட்டுட்டுத்தான் உள்ள வந்தான். ஒங்க மேல எம்புட்டுப் பாசம் பாருங்க."

"எனக்கும் சோறு போடு" என்றேன்.